பயணச் சேமிப்பில் தேதிக்கும் தொகைக்கும் பொருந்தாத பிடித்தம்: புகார் கடிதம்

அனுப்புநர்:
பயணச் சேமிப்புத் திட்ட வாடிக்கையாளர்கள்,
சேலம் மற்றும் ஏற்காடு.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
தானியங்கிச் சேமிப்புச் செயலி நிறுவனம்.

பொருள்: பயண இலக்கின் கணக்கு முறை, டிஜிட்டல் தங்கத்தில் ஏற்படும் இழப்பு, யுபிஐ ஆட்டோபே உச்சவரம்பு ஆகியவற்றைத் திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஊருக்குப் போகப் பணம் சேர்க்க உங்கள் செயலியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். தினமும் சிறு தொகை தானாகப் போய்ச் சேர வேண்டும், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்ற எண்ணம் சரியானது. அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் பயணப் பணம் என்பது தேதி உள்ள பணம். அந்தத் தேதியை உங்கள் செயலி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

சேலம் ஜங்ஷனிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி போக நினைக்கும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு ரூ.48,000, பயணத்துக்கு இன்னும் 90 நாள். செயலி 48,000-ஐ 90-ஆல் வகுத்து தினம் ரூ.533 என்கிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குப் பதிவு திறக்கும். அதாவது சேமிக்கத் தொடங்கி 30 நாளிலேயே டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். டிக்கெட்டுக்கு ரூ.18,000 ஆகும் என்றால், அன்றைக்குக் கணக்கில் இருப்பது ரூ.16,000 மட்டுமே. மீதி ரூ.2,000-க்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது வெயிட்டிங் லிஸ்டில் நிற்க வேண்டும்.

சரியான கணக்கு கடினமானது அல்ல. முதல் 30 நாள் தினம் ரூ.600, அடுத்த 60 நாள் தினம் ரூ.500. முதல் பகுதியில் 18,000, இரண்டாவதில் 30,000. மொத்தம் அதே 48,000-தான், டிக்கெட் நாளில் டிக்கெட் பணம் கையில் இருக்கும். இலக்கு எழுதும் திரையில் "பயண நாள்" என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது. "முன்பதிவு திறக்கும் நாள்", "டிக்கெட்டுக்கு எவ்வளவு" என்று இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு சேலம் வரும் ரயில்களில், முந்தைய நாள் புறப்பட்டவற்றுக்கு 60 நாள் கணக்கு ரயில் கிளம்பும் நிலையத்தின் தேதியிலிருந்து வரும். நம் தேதிக்கு அது இன்னும் ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். இதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த 16,000-மும் முழுதாகக் கிடைப்பதில்லை. பிடிக்கும் பணத்தை எங்களிடம் தனியாகக் கேட்காமலே டிஜிட்டல் தங்கத்தில் போடுகிறீர்கள். வாங்கும்போது 3% ஜிஎஸ்டி. அதே நிமிடத்தில் உங்கள் திரையில் தெரியும் விற்பனை விலை, வாங்கும் விலையைவிட 3% குறைவு. ரூ.100 போட்டால் வரி போக ரூ.97.09-க்குத் தங்கம், உடனே விற்றால் ரூ.94.17. ரூ.16,000 என்பது ரூ.15,068 ஆகிறது. தங்கம் ஏறினால் லாபம்தானே என்று உங்கள் உதவி மையத்தில் சொல்கிறார்கள். போட்ட பணம் அப்படியே திரும்பி வருவதற்கே விலை 6.2% ஏற வேண்டும். ஒரு மாதத்தில் எடுக்க வேண்டிய டிக்கெட் பணத்தை அந்த நம்பிக்கையில் வைக்கச் சொல்வது முறையா? டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வராது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. உங்கள் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போகிறவர்கூட கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, திரும்பக் கொடுத்தால் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பார். வாங்கும் விலையைப் பெரிதாகவும், விற்கும் விலையை மூன்றாவது திரையிலும் வைப்பது எங்கள் ஊருக்குப் பழக்கமில்லாத வியாபாரம்.

ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு வங்கி ஆர்.டி. (தொடர் வைப்பு) அல்லது லிக்விட் ஃபண்ட் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போன்ற வழியை முதல் தேர்வாகக் காட்டுங்கள். லிக்விட் ஃபண்டில் ஏழு நாள் தாண்டினால் வெளியேறும் கட்டணம் கிடையாது. உடனடி மீட்பு வசதி உள்ள ஃபண்டுகளில் ஒரு நாளைக்கு ரூ.50,000 அல்லது இருப்பில் 90%, இதில் எது குறைவோ அதை உடனே எடுக்கலாம். அதிலும் உத்தரவாதம் இல்லை என்பது தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே 6% இழப்பு இல்லை. தங்கம் வேண்டும் என்பவர் தானாகத் தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்தது ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க யுபிஐயில் நாங்கள் முன்கூட்டியே தரும் அனுமதி. எங்கள் பகுதியில் அதிகம் பேரைப் பாதித்தது இதுதான். தினம் ரூ.200 என்று ஒப்புக்கொண்டவரிடமும் யுபிஐ அனுமதி வாங்கும்போது "ரூ.5,000 வரை" என்று உச்சவரம்பு வைக்கிறீர்கள். பின் (PIN) எண் போடும் அவசரத்தில் "வரை" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் இருப்பு இல்லாமல் பிடித்தம் தவறினால், தவறிய நாட்களையும் ரவுண்ட்-அப் சில்லறையையும் (ஒவ்வொரு செலவையும் அடுத்த பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி எடுக்கும் மீதியையும்) சேர்த்து அடுத்த முறை ஒன்றாக எடுக்கிறீர்கள். நாலாம் தேதி ரூ.200-க்குப் பதில் ரூ.1,350 போனால், ஐந்தாம் தேதி இஎம்ஐக்குப் பணம் இருக்காது. அது திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணம். மாதம் முழுக்கச் சேர்த்ததில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அறிவிப்பு வருகிறது என்று நீங்கள் சொல்லலாம். தினப் பிடித்தத்தில் அறிவிப்பு ஒன்று, பிடித்த செய்தி ஒன்று என மாதம் அறுபது குறுஞ்செய்தி. அறுபதில் ஒன்றில் தொகை மாறியிருப்பதை யார் கண்டுபிடிப்பார்கள்? அதுவும் ஆங்கிலத்தில். உச்சவரம்பை ஒப்புக்கொண்ட தொகைக்கே வையுங்கள். தவறிய நாளைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், இலக்கு சில நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை பிடிக்கும் வசதியையும் கொடுங்கள்.

ரவுண்ட்-அப் கணக்கும் தவறுகிறது. ரூ.47 செலவு செய்தால் ரூ.3 சேர்வது சரி. உங்கள் செயலி வங்கிக் குறுஞ்செய்தியைப் படித்துத்தான் இதைக் கணக்கிடுகிறது. அதனால் சொந்தக் கணக்கிலிருந்து இன்னொரு சொந்தக் கணக்குக்கு மாற்றினாலும் அதைச் செலவு என்று எடுத்துக்கொள்கிறது.

ஏற்காடு மலைக் கிராமங்களுக்கு ஒரு கோரிக்கை தனியாக உண்டு. அங்கே காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கையில் காசு புழங்கும், மழைக்காலத்தில் வேலை குறையும். வருடம் முழுக்க ஒரே தொகை அவர்களுக்குப் பொருந்தாது. யுபிஐ ஆட்டோபேயில் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் செயலியிலோ "இலக்கைக் கைவிடு" என்ற பொத்தான் மட்டும்தான். அதை அழுத்தினால் போனஸ் போய்விடும் என்று பயமுறுத்துகிறது.

செயலியை நீக்கினால் பிடித்தம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதிக்குப் போய், நடப்பிலுள்ள அனுமதியைத் திறந்து, ரத்து கொடுத்து, பின் எண் போட வேண்டும். இந்த நான்கு படிகளையும் உங்கள் செயலியின் முதல் பக்கத்திலேயே தமிழில் போடுவது உங்கள் கடமை.

செய்ய வேண்டியது இது: ஒப்புக்கொண்டதற்கு மேல் பிடித்த தொகையையும், அதனால் வந்த இஎம்ஐ திரும்பல் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். தங்கத்தில் உள்ள பயணச் சேமிப்பை விலை வித்தியாசம் பிடிக்காமல் வங்கிக் கணக்குக்கு மாற்ற ஒரு வாய்ப்புத் தர வேண்டும். 30 நாளில் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவோம். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

இணைப்பு: பிடித்தம் நடந்த கணக்கு அறிக்கை நகல்கள், ஆட்டோபே அனுமதித் திரைப் பதிவுகள், ஒரே நிமிடத்தில் எடுத்த வாங்கும் விலை மற்றும் விற்கும் விலைத் திரைப் பதிவுகள்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு வாடிக்கையாளர்கள்