இன்று ராத்திரியே அவளைக் கேள்

மாப்ள,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. இங்கே காப்பிப் பழம் எடுக்கிற நேரம், ஆள் கிடைப்பதில்லை, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாநகராட்சித் தேர்தலில் உங்கள் வார்டு பெண்களுக்கு என்று பேச்சு அடிபடுகிறது, தங்கச்சியை நிறுத்தச் சொல்லி கட்சியின் மாவட்டச் செயலாளரே வீடு தேடி வந்தார், மற்றதையெல்லாம் நீ பார்த்துக்கொள்வாய் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். தங்கச்சி என்ன சொன்னது என்று ஒரு வரி இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

2013 டிசம்பர் 4, ஏற்காடு இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? இது பழங்குடியினருக்கான தனித்தொகுதி, நான் நிற்கவே முடியாது. எனக்குக் கிடைக்க அதில் எதுவுமே இல்லை, ஆனாலும் வீட்டை மறந்து அலைந்தேன். காரணம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பெரிய ஆள், பேர் வேண்டாம், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் தோளில் கை போட்டு, "தம்பி இல்லாம இந்த மலையில நமக்கு ஒண்ணும் நடக்காது" என்றார். அவ்வளவுதான் மாப்ள, அந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி சேலத்தில் என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் ஆஸ்பத்திரி. நான் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்து, சாயங்காலம் மெஷினுக்குச் சீல் வைத்த பிறகுதான் போனேன். பிள்ளையை என் கையில் கொடுத்தவள், பிள்ளைக்கு அடியில் இருந்த என் விரலின் மைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, பாதி பெண்களுக்கு. அந்தப் பாதியிலும் கையெழுத்து மட்டும் பொண்டாட்டி போட, பேச்சும் அதிகாரமும் வீட்டுக்காரரிடம் இருக்கிற கதை உனக்கே தெரியும். தங்கச்சி கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிற பெண், தண்ணீர் வராத நாளையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு, அந்தக் காலண்டரையே தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் காட்டினது. அதற்கு ஆசை இருந்தால் நிற்கட்டும், நான் மலையிறங்கி வந்து தெருத் தெருவாக பூத் ஸ்லிப் கொடுக்கிறேன். ஆசை உனக்குத்தான் என்றால் பொது வார்டில் உன் பேருக்கு சீட் கேள்.

மாவட்டச் செயலாளர் திரும்ப வருவதற்குள், இன்று ராத்திரியே பிள்ளைகள் தூங்கினதும் கேட்டுவிடு. அப்புறம் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் முழித்திருக்கிறேன்.