முதலில் அவளிடமே போ

அன்பு மகளுக்கு, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

கூட வேலை செய்கிறவளோடு மனக்கசப்பு என்று எழுதி, இதை ஜெபக்குழுவில் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். சொல்லாதே. மத்தேயு 18:15-லிருந்து வாசித்துப் பார், வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதன் பிறகுதான் சபை. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஜெபக்குறிப்பு என்பார்கள். முடிவில் ஆமென் சொன்னால் புறணி ஜெபமாகிவிடுமா? அவள் சபைக்காரி இல்லை என்றாலும் முதல் படி பொருந்தும்.

போகும்போது ஒரே விஷயத்தோடு போ. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் அவள் அந்த 'எப்பவுமே'யை மறுக்கத் தொடங்குவாள். நடந்தது பேச்சிலிருந்து நழுவிவிடும். "செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் செய்த வேலையை உன்னுடையது என்று சொன்னாய், எனக்கு வருத்தமாக இருந்தது" என்பதே போதும். பிறகு குறுக்கே பேசாமல் கேள். மெசேஜில் வேண்டவே வேண்டாம், அதில் குரல் தெரியாது. "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்றுதான் அந்த வசனம் முடிகிறது. வழக்கில் ஜெயிக்கப் போகவில்லை நீ.

தப்பு உன் பக்கம் என்றால் மத்தேயு 5:23, 24: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு. இரண்டு இடத்திலும் முதலில் நடக்க வேண்டியவள் நீதான், கவனித்தாயா? மன்னிப்பில் 'ஆனால்' நுழைந்தால் அது வாதம். "உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்" என்பதும் அதே ரகம். செய்தது இன்னது என்று ஒத்துக்கொள். நஷ்டம் இருந்தால் ஈடு கட்டு. வரி வசூலித்த சகேயு வாய்வார்த்தையோடு நிற்கவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்றான்.

உதவுவதிலும் அளவு வேண்டும். இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்தான். மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டு பிறகு முணுமுணுப்பதைவிட, முடிந்ததை மட்டும் சொல்லிச் செய். "ஜெபித்துக்கொள்கிறேன்" என்றால் அங்கேயே ஜெபித்துவிடு; அப்புறம் மறந்துபோகும்.

அவளிடம் நாளைக்கே பேசு, பத்து நிமிஷம் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம், பசியில் வார்த்தை தடிக்கும்.

அன்புடன்,
அம்மா