6 வோல்ட் ஸ்டிக்கர் ஒட்டி வந்த 12 வோல்ட் காயில்: நான்காவது புகார்

அனுப்புநர்: உங்களிடம் இரண்டு இக்னிஷன் காயிலும் ஒரு பேட்டரியும் வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான வோல்டேஜ் காயிலை விற்றது, பிறகு உத்தரவாதத்தை மறுத்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் பதில் போட்டீர்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று பதிலிலும் குற்றவாளி என் வண்டிதான். இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். உங்களிடம் ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வண்டி 250 சிசி, ஒற்றை சிலிண்டர், பழைய டூ ஸ்ட்ரோக். 6 வோல்ட் டைனமோ, பாயிண்ட் செட் (காயிலின் கரண்டை மூடித் திறக்கும் ஸ்விட்ச்), காயில் இக்னிஷன் (பேட்டரியின் சின்ன வோல்டேஜை பிளக்கில் பொறி வரும் அளவுக்கு ஏற்றித் தருவது காயில்). பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னெட்டோ கிடையாது. அதனால் பேட்டரி செத்தால் பிளக்கும் செத்தது. பழைய காயில் சூடு தாங்காது. இருபது நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் வயதாகிவிட்டால் சூட்டில் இப்படித்தான் விட்டுக்கொடுக்கும். அதற்குத்தான் உங்களிடம் 6 வோல்ட் காயில் கேட்டு வாங்கினேன். பெட்டியிலும் 6, காயில் மேல் இருந்த ஸ்டிக்கரிலும் 6.

மாட்டிய அன்றே வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டில் சாய்த்து வைத்து கிக்கரை உதைத்தால் பொறி வருகிறது; மெலிசாக, ஆரஞ்சு நிறத்தில். பிளக்கை உள்ளே மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை. சரிவில் தள்ளினால் கிளம்பும். கிளம்பி ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டால் இருமிவிட்டு அணைந்துவிடும்.

முதல் கடிதத்துக்கு "பிளக்கை மாற்றுங்கள், ஆயில் அளவைக் குறையுங்கள்" என்று பதில் வந்தது. அதில் தப்பில்லை. டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக்கில் கரியும் எண்ணெயும் அடைவது சகஜம், நானாக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். புது பிளக் போட்டு 0.6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். கூடவே பாயிண்டைத் துடைத்து 0.4 வைத்தேன், கண்டென்சரை மாற்றினேன், டைமிங் சரிபார்த்தேன், சாவி ஸ்விட்ச்சையும் ஃபியூஸ் பிடியையும் பளபளவென்று தேய்த்தேன். பலன் இல்லை.

இரண்டாவது பதில், பேட்டரி வீக் என்றது. புது பேட்டரிக்கு ஆர்டர் எடுத்ததும் நீங்களே. சரி என்று வாங்கி, ஆசிட் ஊற்றி, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டில் நிதானமாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்துப் பார்த்தேன். 6.35 வோல்ட். மூன்று செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) 1.260க்குக் குறையவில்லை. ஹெட்லைட்டைப் போட்டு அளந்தாலும் 6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இதைவிட நல்ல பேட்டரி எனக்கு வாய்த்ததில்லை. வண்டி மட்டும் பழையபடியே மௌனம். (கழற்றி வைத்த பழைய பேட்டரியையும் அளந்தேன், 6.3. அந்தப் பாவத்துக்கும் ஒரு குறையும் இல்லை.)

இந்த இடத்தில் என் மேல் ஒரு தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வண்டியில் ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. பழைய காயிலோடு, பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் முள் மைனஸ் பக்கம் 4 வரை சாயும். வருடக்கணக்காகப் பார்த்த சாய்வு அது. புது காயிலோடு முள் 1ஐத் தாண்டி லேசாக அசைகிறது, அவ்வளவுதான். என் கண் முன்னாலேயே இருந்தது. பேட்டரி மேல் இருந்த சந்தேகத்தில் கவனிக்கவில்லை.

கவனித்த பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். இவ்வளவு சின்ன ஓம் அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடு ஒன்று தொட்டு, வொயரின் சொந்த அளவைக் கழிக்க வேண்டும். என் மீட்டரில் அது 0.3. பழைய காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் கம்பிச்சுற்று) 1.8 காட்டியது, கழித்தால் 1.5 ஓம். உங்கள் காயில் 4.4, கழித்தால் 4.1 ஓம். 6 வோல்ட்டை 1.5ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 4.1ஆல் வகுத்தால் ஒன்றரை கூட இல்லை. ஆம்பியர் மீட்டர் முள் சொன்ன அதே கணக்கு. 4 ஓம் பக்கம் வருவது 12 வோல்ட் காயில் என்பது பாயிண்ட் வண்டி பழகிய எவருக்கும் தெரியும்.

12 வோல்ட் காயிலுக்கு 6 வோல்ட் கொடுத்தால் கரண்ட் பாதி, அதில் சேரும் சக்தி கால்வாசி. திறந்த காற்றில் அந்தக் கால்வாசி எப்படியோ தாண்டிவிடுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்டேஜ் வேண்டும், அங்கே தோற்றுப்போகிறது. தள்ளினால் கிளம்பியதற்கும் காரணம் இதுதான்: டைனமோ வேகமாகச் சுற்றி 7 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும்போது ஏதோ ஒப்பேற்றுகிறது. ஐடிலில் ஹெட்லைட் போட்டதும் அதுவும் போய்விடுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50. அரை உயிரில் இருக்கும் காயில் எத்தனை நேரம் ஈடுகொடுக்கும்?

இதையெல்லாம் மூன்றாவது கடிதத்தில் எழுதினேன். மாற்றுக் காயில் ஒன்று அனுப்பினீர்கள். நன்றி. அதையும் அளந்தேன். 4.1 ஓம். இதைத் தெரிவித்ததற்கு வந்த மின்னஞ்சலில், "வாடிக்கையாளர் மீட்டரின் அளவை ஏற்க இயலாது; தவறாகப் பொருத்தியதால் உத்தரவாதம் செல்லாது" என்று இரண்டே வரி. தவறாகப் பொருத்த காயிலில் என்ன இருக்கிறது? இரண்டு சின்ன வொயர், ஒரு தடித்த வொயர், ஒரு கிளாம்ப்.

என் மீட்டர் வேண்டாம் என்றால் சரி, மீட்டரே இல்லாமல் ஒரு சோதனை செய்தேன். உங்கள் காயிலுக்கு வண்டியிலிருந்து வரும் கரண்ட் வொயரைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் கார் பேட்டரியின் பிளஸ்ஸை அங்கே கொடுத்தேன், மைனஸ்ஸை பாடியில். வேறு எதையும் தொடவில்லை. அதே பாயிண்ட், அதே கண்டென்சர். பாயிண்டை ஸ்க்ரூடிரைவரால் திறந்து மூடினேன். அதுவரை 2 மில்லிமீட்டர் தாண்டவே திணறிய பொறி, நீல நிறத்தில் டப் டப்பென்று 7 மில்லிமீட்டர் தாண்டியது. அருமையான காயில் ஐயா, 12 வோல்ட் வண்டிக்கு.

அதன் பிறகு முதல் காயிலின் ஸ்டிக்கர் மேல் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தேன். ஓரம் எழும்பியது, நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் காயிலின் உடம்பிலேயே 12V என்று அச்சு இருக்கிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன். யார் ஒட்டினார்கள், நீங்களா, உங்களுக்குக் கொடுத்தவர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மேல் பழி போடவும் இல்லை. ஆனால் விற்றது நீங்கள்.

எனக்கு வேண்டியது இவைதான். இரண்டு காயிலையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பேட்டரிப் பணமும் வேண்டும். அது நல்ல பேட்டரிதான், ஆனால் உங்கள் தவறான ஆலோசனையால் தேவையில்லாமல் வாங்கியது. வேண்டுமானால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான 6 வோல்ட் காயில் கையிருப்பில் இருந்தால், பிரைமரி எத்தனை ஓம் என்று அளந்து பெட்டியில் எழுதிவிட்டு அனுப்புங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். அதே சரக்கில் மிச்சம் இருப்பதையும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகாது. இதே ஸ்டிக்கரை நம்பி வேறு யாரோ ஒருவர் இப்போது கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

15 நாளில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதமும் முந்தைய மூன்றும் அப்படியே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்.

இரண்டாவது காயிலின் ஸ்டிக்கரை நான் தொடவில்லை. வந்தபடியே பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆளை அனுப்புங்கள், அவர் கையாலேயே உரிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று பில்களின் நகல், உரித்த ஸ்டிக்கரின் படம், மீட்டர் அளவுகளின் படங்கள்