சைவ உணவும் பி12 சத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புரட்டாசி விரதத்தை ஒட்டி, சைவ உணவின் நன்மைகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பருப்பும் கீரையும் இதயத்துக்கு நல்லது, சரி. எங்கள் வீட்டிலும் வருடம் முழுக்கச் சைவம்தான். ஆனால் வைட்டமின் பி12 பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தந்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். அது இயல்பாகக் கிடைப்பதோ இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் ரொட்டி மாவிலும் சோள மாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் சேர்க்கிறார்கள். பி12 அந்தப் பட்டியலில் இல்லை. பி12 குறைவால் வரும் இரத்தசோகையை ஃபோலிக் அமிலம் மறைத்துவிட்டால், அதே குறைவால் வரும் நரம்புப் பாதிப்பு வெளியே தெரியாமல் முற்றவும் வாய்ப்புண்டு.

சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இச்சத்து இன்னும் குறையலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா பால், தயிர்கூடத் தொடமாட்டார். இந்த மாத்திரையும் உண்டு. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவருக்கோ கால் வெறுமையானதே தெரியாது. சர்க்கரை வந்தால் கால் மரக்கத்தானே செய்யும் என்பார். இரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு என்று தெரிந்து, ஊசி போடத் தொடங்கிய பிறகே பாதத்தில் ஓரளவு உணர்வு திரும்பியது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோவில் நிர்வாகங்கள் அன்னதானக் கூடத்தருகே ஒரு நர்ஸை அமர்த்தி, சைவம் உண்டு மெட்ஃபார்மினும் எடுப்பவர்களிடம், ‘கிளினிக்கில் பி12 பரிசோதனை பற்றிக் கேளுங்கள்’ என்று அவரைச் சொல்லச் செய்யலாம். தாங்களும் இதைத் தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, டர்பன்