ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை ஓவியப் பயிற்சி வகுப்புகள் பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிள்ளைகள் விடுமுறையில் தூரிகை பிடிக்கிறார்கள் என்பது சந்தோஷம்தான். ஆனால் செய்தியோடு வந்த புகைப்படம் மனதை உறுத்தியது. இருபது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், இருபது பேர் கையிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி, தலைமையாசிரியரும் நானும்தான். எங்கள் ஊரில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியாது. வயல், வாய்க்கால், வரப்போரப் பனை, தூரத்தில் கோயில் கோபுரம், அவ்வளவுதான். மலையை நேரில் பார்த்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருந்தும், "பிடிச்சத வரைங்க" என்று தாளைக் கொடுத்தால் மூன்றாம் வகுப்புக்கு மேல் எல்லாரும் முதலில் போடுவது அந்த இரண்டு மலையைத்தான். யார் கொடுத்த மலை அது? நாங்கள் கொடுத்ததுதான். கரும்பலகையில் வரைந்து, "பார்த்து அப்படியே வரைங்க" என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் பதிவேடு எழுதியிருக்கிறேன். பல வருடம் அப்படித்தான் ஓவிய வகுப்பு நடத்தினேன்.

அதை நிறுத்த வைத்தவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அன்று எனக்குக் கரும்பலகையில் வரைய நேரமில்லை. ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்களைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னேன். அவள் ஆடு வரைந்தாள். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஆடு. நான்கு காலும் ஒரே பக்கம். வயிற்றுக்குள் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இன்னொரு குட்டி ஆடு, அதற்கும் நான்கு கால், அதற்கும் வால். "வயித்துக்குள்ள இருக்கறது எப்படிம்மா வெளிய தெரியும்?" என்று கேட்டேன். "வெளிய தெரியாது டீச்சர். ஆனா குட்டி உள்ளதான இருக்கு. அம்மா கை வச்சுப் பாக்கச் சொல்லிச்சு, உதைக்குது" என்றாள். வீட்டில் சினையாடு நிற்கிறது. கையால் தொட்டு உணர்ந்ததை அவள் தாளில் வைத்திருக்கிறாள். நான் கரும்பலகையில் போட்ட எந்தப் படத்திலும் அவ்வளவு விஷயம் இருந்ததில்லை.

இதெல்லாம் பிழை இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குழந்தைகள் எந்த வயதில் எப்படி வரைவார்கள் என்று கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளை கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. அதனால்தான் சுவருக்குப் பின்னால் இருப்பதும் வயிற்றுக்குள் இருப்பதும் படத்தில் தெரிகின்றன. முக்கியமான ஆள் பெரிதாகவும் மற்றவர்கள் சின்னதாகவும் வருகிறார்கள். எங்கள் பள்ளிப் படங்களில் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர் எப்போதும் இயந்திரத்தைவிடப் பெரியவராகத்தான் இருப்பார். ஒன்பது, பத்து வயதில்தான் சிக்கல் வருகிறது. நிஜத்தில் இருப்பதுபோல வரவில்லையே என்று பிள்ளைக்கே தோன்ற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து ஊக்கப்படுத்த ஆள் இல்லை என்றால், "எனக்கு வரைய வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடும். பிறகு எடுப்பதே இல்லை.

ஆடு வரைந்த அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. போன மாதம் தாளைக் கொடுத்தபோது, பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு பூத்தொட்டி வரைந்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட பூத்தொட்டி. நான் கிட்டே போனதும் அதையும் அழித்துவிட்டாள்.

சரி, அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் எப்போது வருகிறார்? ஆறாம் வகுப்பில். அதுவும் எல்லாப் பள்ளிக்கும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையைப் பாருங்கள். ஆறிலிருந்து எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி எதுவும் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி எல்லாம் அதில் அடக்கம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடங்களாகப் போராடி வந்திருக்கிறார்கள், அது தனியாகவே ஒரு வேதனை. அவர்களும் நடுநிலைக்கும் அதற்கு மேலும்தான். பிள்ளை பென்சிலைக் கீழே வைத்த பிறகு ஓவிய ஆசிரியர் வகுப்புக்குள் வருகிறார். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பொருள் இல்லையே என்று சொல்வார்கள். பொருள் பெரிய பிரச்சினை இல்லை. கிரயானும் வண்ணப் பென்சிலும் அரசே விலையில்லாமல் தருகிறது. மீதி ஊரிலேயே கிடைக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கள் குளம் வற்றிக் கிடக்கும். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஒரு சாக்குக் களிமண் வெட்டி வைத்துக்கொள்வோம். ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் நாள்பட இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பிசைந்து உருட்டி மாடு செய்கிறார்கள், சட்டி செய்கிறார்கள். பிசைந்த விரலுக்குப் பென்சில் பிடிக்கும் வலு தானாக வருகிறது, இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டு வைத்தால் நட்சத்திரம். வாழைத்தண்டு, பூவரசு இலை, எல்லாம் அச்சுதான்.

ஒருநாள் மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசி, காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த ஈர்க்குச்சியால் கோடு போடச் சொன்னேன். கோடு போகப் போகச் சிவப்பாக மாறியது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "ஆரத்திக்கு எங்க ஆயா இதத்தான் கரைக்கும் டீச்சர், சுண்ணாம்பு போட்டு!" என்று ஒரு பையன் கத்தினான். மறுநாள் அவனே சங்குப்பூ பறித்து வந்தான். கசக்கிய நீலச் சாற்றில் எலுமிச்சை பிழிந்ததும் இளஞ்சிவப்பு. அன்று ஓவியமா அறிவியலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பிரிக்கவும் தோன்றவில்லை.

கோலத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஏழு புள்ளியில் ஆரம்பித்து ஒன்றில் முடியும் இடைப்புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பிழையில்லாமல் சுற்றி வரும் பெண் பிள்ளைகள், நோட்டில் ழகரம் எழுதத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கோலத்தின் சுழியைக் காட்டி ழகரத்தைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு நாளில் வந்துவிடுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970-களில் இதே கோலங்களை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வு செய்தார்கள். வாசலில் தினமும் போடுவது அவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொன்னபோது, ஆண் பிள்ளைகளும் புள்ளி வைக்க வந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு பக்கம், 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் நடப்பது. என் அண்ணன் மகள் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன வருடம் தெர்மாகோலில் கிராமம் ஒன்று செய்து வரச் சொன்னார்கள். அண்ணி ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து வெட்டி ஒட்டினார். பிள்ளை தூங்கிவிட்டது. காலையில் எடுத்துக்கொண்டு போய் முதல் பரிசும் வாங்கி வந்தது. அந்தப் பரிசை அவள் எங்கேயும் எடுத்து வைக்கவே இல்லை, கேட்டால் "அது அம்மாவோடது" என்கிறாள். எட்டு வயதில் அவளுக்குத் தெரிவது நமக்குத் தெரியவில்லையே. பிள்ளை தானே வெட்டி, கோணலாக ஒட்டி, ஃபெவிகால் கறையோடு கொண்டுவருவதை வாங்கிக்கொள்ளப் பள்ளிகள் தயாராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் ஓவிய ஆசிரியர் பணியிடம் கேட்பது நடக்காது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து வைத்திருக்கும் குறுவள மையம் ஒன்றுக்கு ஒருவரைப் போடலாம். அவர் நாளுக்கொரு பள்ளி என்று சுற்றி வரட்டும். ஓவியத்தில் ஹையர் கிரேடு தேர்வு முடித்து, தொழிலாசிரியர் பயிற்சியும் முடித்து, வேலை இல்லாமல் பேனர் எழுதுகிறவர்களும் கல்யாண மேடைக்கு அலங்காரம் செய்கிறவர்களும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதுவரைக்கும், தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்கு எங்களுக்குப் பயிற்சி தருவதுபோல் ஓவியத்துக்கும் ஒரு நாள் பயிற்சி தரலாம். எப்படி வரைவது என்று கற்றுத்தர வேண்டாம். பிள்ளை வரைந்ததை எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்று சொல்லித் தந்தால் போதும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைப் போட்டிகள் நடத்த 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்போது மற்றப் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளை வேண்டும். அதைக் கணக்குக்கோ தேர்வுக்கோ கடன் கொடுக்காத பாடவேளையாக வைக்க வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கமாவது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களுக்கு ஒதுக்குங்கள். பெரியவர்கள் கை படாத படங்கள். பரிசு வேண்டாம், பெயரும் ஊரும் போட்டால் போதும். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் ஒன்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் அவர்கள் படங்களை அனுப்பிவைக்கிறேன். வயிற்றுக்குள் குட்டியோடு அந்த ஆட்டின் படமும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவளிடம் கேட்டு, அவள் சரி என்றால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.