பூனைக்குத் தனிச் சட்டி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நாயும் பூனையும் சேர்த்து வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே குக்கர்தான். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்து, கால், கொஞ்சம் ஈரல், ரேஷன் அரிசி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நான்கு விசில். ஆறியதும் நாய்க்கு ஒரு தட்டு, பூனைக்கு ஒரு கிண்ணம். நாய் இதை வைத்து ஓரளவு காலம் தள்ளிவிடும். பூனையால் முடியாது. ஆனால் அதன் உடம்பு கெடுவது வெளியே தெரிவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கண் மங்கிய பிறகோ மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகோதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போகிறார்கள்.

நாய் மனிதரோடு கூடச் சோற்றுக்குப் பழகிய பிராணி. 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருந்தது. நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தது. பூனை அப்படி மாறவே இல்லை. அதன் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல் போல வெட்டுமே தவிர அரைக்காது. இனிப்பும் அதற்குத் தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார் 2005-ல் கண்டுபிடித்தார்கள். பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்கினால் அது பாலின் கொழுப்புக்காக. நாய்க்குக் கிடைத்த தேங்காய் என்று கேலி பேசுகிறோம். உடைத்துக் கொடுத்துப் பாருங்கள், நாய் அதையும் ரசித்துத் தின்னும்.

டாரின் என்றொரு சத்து இருக்கிறது. நாய் பொதுவாக இதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, கறியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 1987-ல் நிறுவிய பிறகுதான் கேட் ஃபுட் தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். டாரின் தண்ணீரில் கரையும். கறியை வேகவைத்து, வெந்த நீரை வடித்துவிட்டுச் சக்கையைப் பூனைக்குப் போட்டால் அதில் பெரும்பங்கு வாஷ்பேசினில் போய்விடும். வேகவைத்த நீரையும் சேர்த்தே வையுங்கள். நெஞ்சுக் கறியைவிடத் தொடைக் கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஈரல் நல்லதுதான், ஆனால் தினமும் ஈரல் மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பூனை தன் முதுகை நக்கக்கூடத் திரும்ப முடியாமல் தவிக்கும்.

அடுத்தது வெங்காயம். சாம்பார் சாதம், குழம்பில் ஊறிய கறித்துண்டு, வறுவல் மசாலா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூனையின் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ஆபத்து. நான்கு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். நாய் கிலோவுக்கு 15 கிராம் வரை தாங்கக்கூடும். அதற்காகப் போடலாம் என்று அர்த்தமில்லை. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் என்ன தின்றது என்பதே வீட்டில் மறந்திருக்கும். நாய்க்கு இன்னொரு விஷம் கேசரியிலும் பாயசத்திலும் போடும் கிஸ்மிஸ், அதாவது உலர்ந்த திராட்சை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நாய் வளர்த்துப் பழகியவர்கள் பூனை விஷயத்தில் செய்யும் பெரிய தவறு பட்டினி போடுவது. புதுத் தீனியை நாய் தொடாவிட்டால், “பசித்தால் தானாகத் தின்னும்” என்று விட்டுவிடுவார்கள். நல்ல ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தால் கெட்டுப்போவதில்லை, மறுநாள் தட்டை வழித்துவிடும். பூனை அப்படி வழிக்கு வராது. பிடிக்காத தீனியின் முன்னால் பட்டினி கிடக்கும் பிடிவாதம் அதற்கு உண்டு. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் போனால், குறிப்பாகக் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும். ஈரல் திணறும், காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். அந்த நிலையில் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் போட்டு வாரக்கணக்கில் ஊட்ட வேண்டிவரும். ஒருநாள் முழுக்கப் பூனை தீனியைத் தொடவில்லை என்றாலே மருத்துவரை அழையுங்கள். எடை குறைக்க வேண்டும் என்று திடீரென அளவைப் பாதியாக்கவும் வேண்டாம். தீனி மாற்றும்போது நாய்க்கு ஒரு வாரம் போதும்: முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால், பிறகு பாதிப் பாதி, பிறகு கால், முக்கால். பூனைக்கு இதையே இரண்டு மூன்று வாரமாக இழுத்துச் செய்யுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தீனியைப் பூனை முகர்ந்துவிட்டுப் போவதைப் பலரும் திமிர் என்று நினைக்கிறார்கள். குளிர்ந்த தீனியில் வாசனை எழாது, அவ்வளவுதான். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் தின்னும்.

தண்ணீர் விஷயத்தில் பூனை தன் பாலைவன மூதாதையைப் போலவே இருக்கிறது. தாகம் குறைவு, சிறுநீர் அடர்த்தி அதிகம். நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தீனியோடு சேர்த்துச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். 60 கிராம் ட்ரை ஃபுட்டில் கிடைப்பது 6 மில்லிதான். 85 கிராம் ஈரத் தீனிப் பொட்டலத்தில் 65 மில்லிக்கு மேல். நாய் ட்ரை ஃபுட் தின்றுவிட்டு அரைக் கிண்ணம் தண்ணீரைச் சளப்சளப்பென்று குடித்துவிடும். பூனை அந்தக் கணக்கைச் சரிக்கட்டாது. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். அப்படியானால் ஒருநாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. அகலமான வாயுள்ள பாத்திரத்தில், தீனித் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள்.

தின்னும் விதமும் வேறு. நாய் போட்டிக்குத் தின்பது போல விழுங்கும். விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்துவிட்டு அதையே மறுபடி தின்பதும் உண்டு. ட்ரை ஃபுட்டைப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் பரப்பி வைத்தால் வேகம் தானாகக் குறையும். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களை வயிறு நிறையத் தின்றதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 150 முதல் 175 கிராம் ட்ரை ஃபுட், இரண்டு வேளையாக. பூனையோ நாள் முழுக்கப் பத்துப் பதினைந்து முறை வந்து கொறித்துவிட்டுப் போகும் ஜாதி. நான்கு கிலோ பூனைக்கு 55 முதல் 60 கிராமை நான்கைந்தாகப் பிரித்து வைக்க வேண்டும். நாய் எட்டாத மேடையில் வையுங்கள். இல்லாவிட்டால் கொழுப்பு மிகுந்த பூனைத் தீனியை நாய் தீர்த்துவிட்டுக் கணைய அழற்சி வரை போகும். எறும்புக்கு வழக்கமான வைத்தியமே போதும்: தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே கிண்ணம்.

மீன் என்றால் பச்சை மத்தியோ பச்சை நெத்திலியோ வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். உப்புக் கருவாட்டைத் தவிருங்கள். வளர்ந்த பூனைக்குப் பால் பேதியைத்தான் தரும்.

சைவ வீடுகளில் நாய்க்கு வெறும் தயிர்சாதம் போதாது. ஆனால் முட்டை, பனீர், பருப்பு, மருத்துவர் சொல்லும் தாது உப்புக் கலவை என்று கவனமாகச் சேர்த்தால் சமாளிக்கலாம். பூனையைச் சைவமாக வளர்க்க நினைப்பவர்கள் பூனையே வளர்க்காமல் இருப்பது மேல்.

கடைசியாக, கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் தீனி நிறுத்துக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. “நாய்க்குத்தான், பூனையும் தின்னும்” என்று சொல்லியே விற்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் அளவுகோலில், ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், பூனைக்கு 26. டாரின் பூனைத் தீனிக்குத்தான் கட்டாயம். பிரித்த மூட்டையில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பிரித்துத்தான் வாங்க முடியும் என்கிறவர்கள் மூட்டையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லி, எந்தப் பிராணிக்கு, எந்த வயதுக்கு, புரதம் எவ்வளவு, காலாவதி என்றைக்கு என்ற நான்கையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாமக்கல்