வலுவிழந்தது காற்று மட்டும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் பற்றித் தங்கள் முதல் பக்கச் செய்தி இப்படி முடிந்திருந்தது: “புயலாக மாறாமல் வலுவிழந்ததால் சென்னை மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.” அந்தப் பேப்பர் மடிப்பாக்கத்தில் வீடு வந்து சேர்ந்தபோது, போடுகிற பையன் சைக்கிளைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, பேப்பர்க் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பல வருடமாக மனத்தில் கிடப்பவையும் கூடவே வருகின்றன. பொறுத்தருள வேண்டும்.

வானிலை மையம் ‘வலுவிழந்தது’ என்று சொல்வது காற்றைப் பற்றி மட்டும்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்று வீசினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கு மேல் போனால் புயல், பெயரும் அப்போதுதான் வைக்கிறார்கள். இந்த அளவுகோலில் மழைக்கு இடமே கிடையாது. மழைக்குத் தனி அளவு: 24 மணி நேரத்தில் 20 செ.மீ. தாண்டினால் அதி கனமழை. 20 செ.மீ. என்று படிக்கும்போது அது ஒரு சாண் அளவாகத்தான் தெரியும். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் அது ஏறத்தாழ 45,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட நான்கு. மண்ணே தெரியாமல் சிமென்ட் போட்ட ஒரு வீட்டிலிருந்து மட்டும் இத்தனையும் தெருவுக்குத்தான் வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் வலுவிழந்துகொண்டே இருந்தது. வலுவிழந்த பிறகுதான், கடலே எட்டிப் பார்க்காத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1,68,000 கனஅடி திறந்துவிட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடம் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையையே கடக்கவில்லை. ஆந்திராவில் பாபட்லா அருகே 2023 டிசம்பர் 5-ல் கடந்தது. அதற்குள் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு ஓடியது. 2015 டிசம்பர் 1-ல் புயல் என்று ஒன்று இருக்கவே இல்லை. பெயர் வைக்காத மழைதான் அடையாற்றங்கரையை அடித்துப்போனது. இத்தனைக்குப் பிறகும் ‘கடந்தது’, ‘தப்பியது’, ‘வலுவிழந்தது’ என்ற மூன்று சொற்களில் செய்தியை முடிப்பது எங்களுக்குச் செய்கிற நியாயமா ஐயா?

அந்த வரியைப் படித்ததும் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி மேல் வைத்த மணல் மூட்டையை எடுத்துவிடுவார்கள். பாலத்தில் நிறுத்திய காரைத் திரும்பக் கொண்டுவந்து தெருவில் விடுவார்கள். இரண்டாவது மாடியில் நிறுத்தி மெயினை அணைத்திருந்த லிப்டை மறுபடி ஓட்டுவார்கள். தண்ணீர் அன்றைக்கு ராத்திரிதான் ஏறும். லிப்ட் குழி நிரம்பினால் அடியில் இருக்கும் சுவிட்சுகளும் வயரும் போகும், சில சமயம் லிப்ட் பெட்டியும் சேர்ந்து நனையும்.

பாலத்துக் கார்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தை வேடிக்கைப் படமாகப் போட்டீர்கள். அந்தக் கார்க்காரர்களுக்கு வேடிக்கை செய்ய ஆசையில்லை. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்து, அது தெரியாமல் சாவியைத் திருப்பினால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிராத பாலிசியில், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். மூழ்கிய வண்டியின் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மெக்கானிக் வரும்வரை தொடாமல் இருக்க வேண்டும். அந்தப் படத்துக்குக் கீழே இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் எத்தனை எஞ்சின்கள் பிழைத்திருக்கும்.

அடுத்து, கூண்டு. ‘சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் 2-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று ஒவ்வொரு முறையும் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அது கப்பல்காரர்களுக்கான சைகை. ஒன்றும் இரண்டும் தூரக் கடலில் இருக்கும் புயல் சின்னத்துக்கு, மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரக்கூடிய பலத்த காற்றுக்கு, ஐந்திலிருந்து பத்து வரை அபாயம், பெரும் அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதையும் அவை சொல்லும். பதினொன்று என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இதில் எதையும் விளக்காமல் எண்ணை மட்டும் போட்டால், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் இரண்டுதானே என்று படுத்துக்கொள்வார்.

ஏரிக் கணக்கும் அப்படித்தான். செம்பரம்பாக்கம் 24 அடியில் எத்தனை அடி, எத்தனை கனஅடி திறப்பு என்று தவறாமல் தருகிறீர்கள். அது திருநீர்மலைக்குக் கீழே அடையாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு உயிர்த் தகவல். மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் வரை அதைப் பார்த்துத்தான் மூட்டை கட்ட வேண்டும். மடிப்பாக்கத்துக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் விழும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு தெற்கு பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம். இந்த வழியில் ஓர் இடத்தின் நீர்மட்டமாவது தங்கள் பேப்பரில் ஒரு நாள் வந்திருக்கிறதா?

கடல் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. கடல் ஏறி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அதன் பிறகு மழையே விட்டாலும் தெருத் தண்ணீர் அசையாமல் நிற்கும், சில சமயம் ஏறும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். வலுவிழந்த சின்னமானாலும் காற்று கிழக்கிலிருந்து கரையை நோக்கி அடித்தால் கடல்மட்டம் அதற்கு மேலும் உயரும். ஃபெஞ்சல் வந்தது அமாவாசையை ஒட்டித்தான். ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கும் பேப்பரில் ஓத நேரத்துக்கு இரண்டு வரி இடமில்லை என்பது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

‘புயலுக்குத் தயாராவது எப்படி’ என்று வருடாவருடம் வரும் பெட்டிச் செய்தியில் மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச், ‘போதிய அளவு’ குடிநீர். எத்தனை லிட்டர் போதிய அளவு? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது வேண்டும். நான்கு பேர், நான்கு நாள் என்றால் 64 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்றுக்குச் சற்று மேல். ‘சம்பையும் மேல்தொட்டியையும் நிரப்பி வையுங்கள்’ என்று எழுதினீர்கள். மேல்தொட்டி சரி. காலியாக இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி காற்றில் பறக்கும், ஆயிரம் லிட்டர் நிறைந்தது ஒரு டன் கனம், அசையாது. ஆனால் சம்ப் எவ்வளவு நிறைந்திருந்தாலும் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடை உள்ளே போகும்.

அதைவிடப் பெரிய கேடு தானியங்கி மோட்டார். மேல்தொட்டி குறைந்ததும் அதுவாகவே ஓடி, சம்பில் கலந்த சாக்கடையை மாடிக்கு ஏற்றிவிடும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குழாய் கூட நல்லதில்லை. 2015-லும் 2023-லும் எங்கள் சங்கத்து அடுக்ககங்களில் கண்ணெதிரே பார்த்த தவறு இது. மேல்தொட்டி நிரம்பியதும் தானியங்கியை அணைத்து, மோட்டார் ஃபியூஸையும் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளம் புகுந்த சம்பை உடனே இறைத்துக் காலி செய்யவும் கூடாது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி செய்தால் வெளி அழுத்தத்தில் அடித்தளம் வெடிக்கும், பிளாஸ்டிக் சம்ப் மேலே கிளம்பும். தெரு வடிந்த பிறகு இறைத்து, சேற்றை வழித்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, ஆயிரம் லிட்டருக்கு 4, 5 கிராம் பிளீச்சிங் பவுடர். பவுடரை அப்படியே கொட்டாமல் ஒரு பக்கெட்டில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்கலாம், குடிக்கக் காய்ச்ச வேண்டும். பழைய பாக்கெட்டில் வாசனை போயிருந்தால் வீரியமும் போயிருக்கும்.

கீழ்த்தள வீடுகளில் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கக்கூஸ் வழியாக வரும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டி, குழியில் அழுத்தி வைத்தால் பெரும்பகுதி நிற்கும். குளியலறைச் சாக்கடை வாய்க்கும் அப்படியே. இன்வெர்ட்டர் பேட்டரி பெரும்பாலும் தரையில்தான் இருக்கும்; மூன்று அடி மேடை வேண்டும். 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் நான்கு ஃபேனும் டிவியும் ஓடினால் நாலைந்து மணி நேரம். குறைந்த மின்சாரம் இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றும் ஒரே ஒரு எல்.இ.டி. விளக்கும் என்றால் ஒரு நாள் தாண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு மெழுகுவத்தி என்று எழுதினால் என்ன பயன்?

இன்னொரு சொல்லும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடையில் கூட்டம் நின்றால் ‘பீதியில் வாங்கிக் குவித்தனர்’ என்கிறீர்கள். 2023-ல் நகரின் பல பகுதிகளுக்குப் பால் ஒழுங்காக வர நாட்கள் ஆயின. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கரன்ட் இல்லாமல் கார்டும் ஓடவில்லை, கையில் நோட்டும் இல்லை. இந்த ஊரில் அதையெல்லாம் பார்த்தவர்கள் இரண்டு பாக்கெட் பால் கூடுதலாக வாங்குவது பீதி இல்லை ஐயா, அனுபவம்.

கேட்பது சிறியதுதான். அடுத்த சின்னம் உருவாகும்போது கூண்டு எண் போடும் அதே கட்டத்தில், அன்றைய இரண்டு ஓத ஏற்ற நேரங்களையும் அடுத்த 24 மணி நேரத்துக்கு எதிர்பார்க்கப்படும் மழையளவையும் போடுங்கள். ‘வலுவிழந்தது’ என்று எழுதும் இடத்தில் ‘காற்று வலுவிழந்தது, மழை நீடிக்கும்’ என்று வானிலை மையம் சொன்னபடியே முழுதாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
குடியிருப்போர் சங்கப் பராமரிப்புக் குழு,
மடிப்பாக்கம், சென்னை-91

பி.கு.: தங்கள் பெட்டிச் செய்தியில் ‘சமையல் எரிவாயுவை அணைத்துவிட்டு வெளியேறவும்’ என்று இருந்தது. அது போதாது. வீட்டு சிலிண்டர் நிறைந்திருந்தாலும் சுமார் 30 கிலோதான், அதன் கொள்ளளவு 33 லிட்டருக்கு மேல். ஆகவே முழு சிலிண்டரும் மிதக்கும். மிதந்து புரளும்போது ரப்பர் குழாய் பிடுங்கிக்கொள்ளும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்த்தியபடி ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்ட வேண்டும். இதை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள்.